அவிழ்த்துப் போட்ட கருப்பு வலை

திருச்சானூரில் சிட்டிபாபு வீட்டு வாசலில் அன்று காலை ஷோபா ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்கு வலை கட்டிக்கொண்டிருந்தாள். வலை கருப்பு நிறம். கம்பங்களுக்கு நடுவே, இடுப்பு உயரத்தில், பெரிய வட்டமாக ஒரு ட்ராம்போலின் நின்றது. கண்காட்சிகளில் பிள்ளைகள் வரிசையில் நின்று ஏறிக் குதிப்பார்களே, ஆளை மேலே தூக்கித் தூக்கிப் போடுமே, அதுதான். அந்தத் தெருவில் அதற்கு ‘ஜம்பிங்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அது மாமன் சீராக வந்தது. சிட்டிபாபுவின் மகன் அஷ்வினுக்கு முந்தின நாள் திருப்பதி மலையில் மொட்டை அடித்தாயிற்று. இன்றைக்கு வீட்டில் காதுகுத்து. ஏதேதோ காரணத்தால் ஐந்து வயது வரை தள்ளிப் போன வேண்டுதல். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பதால் சிட்டிபாபுவின் மனைவி தாட்சாயணியின் தம்பி தீனா சித்தூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். மாங்கூழ் ஃபேக்டரிகளுக்கு லாரி லாரியாக மாம்பழம் அனுப்புகிறவன். உடம்பும் அந்த லோடுக்குத் தக்கதுதான். பட்டு வேட்டி, வெள்ளி அரைஞாண், பழத்தட்டு என்று ஊரில் எல்லா மாமனும் கொண்டு வருவதையே தானும் கொண்டு வந்தால் பெருமை எங்கே இருக்கிறது? தெருவே திரும்பிப் பார்க்கட்டும் என்று ஜம்பிங்கை மினி வேனில் ஏற்றி வந்து இறக்கினான். தெருவும் திரும்பிப் பார்த்தது.

வாசலில் சிமெண்ட் தரை. பக்கத்திலேயே வீட்டுக்குள் ஏறுகிற கடப்பாக் கல் படி. பின்பக்கம் மண் தரையாக இருக்கிறதே, அங்கே போடலாமே என்று ஷோபா முந்தின நாளே சொல்லிப் பார்த்தாள். பின்பக்கம் போட்டால் தெருவுக்கு எப்படித் தெரியும்? வாசலிலேயே நின்றது சீர்.

ஷோபா சிட்டிபாபுவின் தங்கை. நாயுடுபேட்டையில் கட்டிக் கொடுத்தார்கள். பிள்ளை பிறக்கவில்லை என்று புருஷன் வீட்டார் ஒரு பெட்டியோடு திருப்பி அனுப்பினார்கள். அன்றிலிருந்து அண்ணன் வீட்டில் அடுப்படி அவளுக்கு, அஷ்வினுக்குச் சோறு ஊட்டுவதும் அவள்தான். பையன் தூங்கும்போது அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். தாட்சாயணிக்கு அது வசதியாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

கோலத்துக்குக் காவி எடுக்க வெளியே வந்த தாட்சாயணி வலையைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

“இன்னாடி பண்ணிக்கினு கீற?”

“வலை அண்ணி. டப்பாக்குள்ளயே கெடந்திச்சி, கட்டாம வுட்டுட்டாங்க. புள்ளைங்க எகிறி வெளிய வுழாம இருக்கத்தான் குடுத்து கீறாங்க.”

“நல்ல நாளும் அதுவுமா வாசல்ல கருப்ப கட்டுவியா? வர்றவங்க இத்த காதுகுத்து வூடுன்னு நெனப்பாங்களா, எழவு வூடுன்னு நெனப்பாங்களா? அவுத்துப் போடு மொதல்ல.”

காபி டம்ளரோடு வந்த தீனா சிரித்தான். “பர்லேது அக்கா, இதுக்குப் போயி கத்திக்கினு. நான் கீறேன் இல்ல? புள்ளைங்கள நான் புடிச்சிக்க மாட்டனா?”

பர்லேது என்பது, அதாவது பரவாயில்லை என்பது, அவன் வாயில் எதற்கும் வருகிற தெலுங்குச் சொல். லாரி நடுவழியில் நின்றாலும் பர்லேது, பழம் அழுகினாலும் பர்லேது.

வலை அவிழ்ந்தது. வெறும் கம்பங்களுக்குச் சாமந்திச் சரம் சுற்றி, கம்பத்துக்குக் கம்பம் தொங்கவும் விட்டார்கள். ஒரு கம்பத்தில் படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து குதிக்கிற மாதிரி படம், அதன் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. ஆறு என்று எண் போட்டுச் சின்னக் குழந்தை படம், அதன் மேலும் பெருக்கல் குறி. எழுத்துத் தெரியாதவனுக்கும் புரிகிற படம். சாமந்தி அதை அழகாக மூடிவிட்டது. கருப்பு வலையை வீணாக்குவானேன் என்று மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், காய்ந்துகொண்டிருந்த கூழ் வத்தல் மேல் போர்த்தினார்கள். காக்கையிடமிருந்து வத்தலுக்குப் பாதுகாப்பு கிடைத்தது.

காது குத்தும்போது அஷ்வின் மாமன் மடியில் துள்ளினான். ஆசாரி கைதேர்ந்தவர், நொடியில் இரண்டு காதிலும் கம்பியை ஏற்றிவிட்டார். பையன் கத்திய கத்தலுக்கு எல்லோரும் சிரித்தார்கள். காதுகுத்தில் பிள்ளை அழுவதும் பெரியவர்கள் சிரிப்பதும் வழக்கம்தான். ஆரத்தி அத்தை எடுக்க வேண்டியது. பிள்ளை பெறாதவள் கையால் வேண்டாம் என்று தாட்சாயணி தீனாவின் மனைவி பிரேமலதாவை எடுக்கச் சொன்னாள். பிரேமலதா தன் நாலு வயது மகள் வாணியை இடுப்பில் வைத்துக்கொண்டே எடுத்தாள். ஷோபா கதவோரம் நின்று பார்த்தாள்.

பந்தி முடிந்ததும் வந்திருந்த பிள்ளைகள் பூராவும் ஜம்பிங் மேலே ஏறின. ஒன்றின் தலை இன்னொன்றின் தாடையில் இடித்தது. ஒரு பெண் குழந்தை விளிம்பு வரை உருண்டு போய்த் தப்பித்தது. பிரேமலதா வாணியை மட்டும் இடுப்பிலிருந்து இறக்கவில்லை, பட்டுப்பாவாடை கசங்கிவிடுமாம். ஷோபாவுக்கு நிலைகொள்ளவில்லை.

“ஒவ்வொருத்தரா ஏறுங்கடா. ஒருத்தன் எறங்கினதும் ஒருத்தன்” என்று பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? தாட்சாயணியிடம் வந்தாள். “அண்ணி, அஷ்வின் சின்னவன். ஆறு வயசாவாத புள்ளைங்கள ஏத்தவே கூடாதுன்னு அதுல போட்டு கீது. பெருசுங்க குதிச்சா இவன தூக்கி அடிச்சிடும். பக்கத்துலயே கல்லுப் படி. வலையும் இல்ல. வுழுந்துடுவான் அண்ணி.”

அந்தக் கடைசிச் சொல் காதில் பட்டதும் சுற்றியிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

“அய்யோ, இன்னா பேச்சு இது?” என்றாள் பிரேமலதா. “காது குத்தின ரத்தம் கூட காயல, அதுக்குள்ள வுழுவான்றா. இவளுக்கு கருநாக்குன்னு சொல்வாங்களே, நெஜந்தானா அண்ணி? சொன்னா அப்படியே பலிச்சிடுமாமே?”

“நாக்க நீட்டச் சொல்லு, பாத்துடலாம்” என்று இன்னொருத்தி சிரித்தாள்.

வேடிக்கைக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்து ஷோபா நகரப் பார்த்தாள். தாட்சாயணி அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

“நீட்டுடி. எல்லாரும் பாக்கட்டும்.”

ஷோபா நாக்கை நீட்டினாள். முப்பது வயதைத் தாண்டியவள், விசேஷத்துக்கென்று இருக்கிற ஒரே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் நடுவில் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். நாக்கின் ஓரத்தில் கடுகளவு மச்சம், பிறந்ததிலிருந்து இருப்பது. பெண்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

“தோ பாரு, கருப்பு!”

“பெத்தவ நானே சும்மா கீறேன், பெக்காத உனக்கு இன்னாடி இம்மாம் பதைப்பு?” என்றாள் தாட்சாயணி. “போ, பாயாச குண்டான கழுவு.”

வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று சிட்டிபாபு எல்லாவற்றையும் கேட்டார். கேட்காதவர் மாதிரி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார். வலையைக் கருப்பு என்று அவிழ்த்தார்கள், வாயைக் கருப்பு என்று அடைத்தார்கள். ஷோபா குண்டானைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

தீனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜம்பிங் மேலே ஏறினான். ஸ்பிரிங்குகள் கிறீச்சிட்டன.

“எல்லாம் எறங்குங்கடா. இது மாமன் சீரு. மாமனும் மருமவனும் மட்டும்தான் இப்ப. வாடா அஷ்வின், பறக்கலாம்.”

அஷ்வின் கன்னத்தில் கண்ணீர் காய்ந்த தடத்தோடு ஓடி வந்தான். மொட்டைத் தலையில் சந்தனம், காதில் புதுக் கம்பி. தீனா குதித்து இறங்கும்போது துணி ஆழமாகப் பள்ளம் விழும். அது திரும்ப எழும்போது அந்தப் பெரிய உடம்பின் விசை முழுக்கச் சின்ன உடம்பில் போய் ஏறும். பையன் தன் காலால் குதிக்கவே இல்லை. பந்தைத் தட்டுவது போல மாமன் அவனைத் தட்டிக்கொண்டிருந்தான். எல்லோரும் ஃபோனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

“இன்னும் மாமா! இன்னும்!” என்றான் அஷ்வின் முதலில்.

இன்னும் உயரம் போனதும் அவன் முகம் மாறியது. “போதும் மாமா. வுழுந்துடுவேன். எறக்கி வுடு மாமா.”

சிரிப்பு வெடித்தது. “ஆம்பளப் புள்ள பயப்படலாமாடா? வீடியோ எடுக்கறேன், சிரி!” இதைச் சொன்னது அவனைப் பெற்றவள்.

தீனா இன்னும் ஒரு தடவை, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துக் குதித்தான்.

அஷ்வின் மேலே போனான். இறங்கி வரும்போது அவனுக்கு அடியில் ஜம்பிங் இல்லை. வலை இருந்திருக்க வேண்டிய இடத்தில் சாமந்திச் சரத்தை அறுத்துக்கொண்டு வெளியே போனவன், கடப்பாக் கல் படியின் விளிம்பில் முதுகு அடிபட விழுந்தான். தாட்சாயணியின் கையில் வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

தீனா தாவி இறங்கி, பையனை அரிசி மூட்டையைப் போலத் தோளில் போட்டுக்கொண்டு காருக்கு ஓடினான். பையனின் தலையும் காலும் இரண்டு பக்கமும் தொங்கி ஆடின. குண்டானைப் போட்டுவிட்டு ஷோபா வாசலுக்கு வருவதற்குள் கார் தெருமுனை திரும்பிவிட்டது. கையில் பாயாசப் பிசுபிசுப்போடு ஷேர் ஆட்டோ பிடித்து அவள் திருப்பதிக்குப் போனாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பேசினார். முதுகெலும்பு முறிந்திருக்கிறது, உள்ளே நரம்பு நசுங்கியிருக்கிறது, காலில் கிள்ளினால் பையனுக்குத் தெரியவில்லை என்றார்.

“இவன எப்படித் தூக்கிக்கினு வந்தீங்க? முதுகுல அடிபட்டவன ஆடாம அசையாம பலகையில படுக்க வெச்சில்ல கொண்டு வரணும்? யாரு தூக்கினது?”

எல்லோரும் தீனாவைப் பார்த்தார்கள்.

“பர்லேது சார், சின்ன புள்ளதான, எலும்பு சீக்கிரம் கூடிடும் இல்ல?” என்றான் தீனா. டாக்டர் அவனை ஒரு பார்வை பார்த்தார்.

“மேல எத்தன பேரு குதிச்சிக்கினு இருந்தீங்க? வலை இருந்துச்சா? நான் போலீசுக்கு எழுதி அனுப்பணும். நடந்தத சொல்லுங்க.”

போலீஸ் என்றதும் தீனாவின் முகத்தில் ரத்தம் வற்றிப் போனது. தாட்சாயணி தம்பியைப் பார்த்தாள். அப்போதுதான் ஷோபா மூச்சிரைக்க உள்ளே வந்துகொண்டிருந்தாள். தாட்சாயணி அவளையும் பார்த்தாள்.

“தனியாத்தான் சார் குதிச்சிக்கினு இருந்தான். அவங்க அத்ததான் பாத்துக்கினு இருந்தா. அவ கவனிக்கல.”

ஷோபா காதில் அது விழுந்தது. அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சிட்டிபாபு குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் உள்ளே போனதும் பிரேமலதா ஆரம்பித்தாள். “வுழுவான்னு சொன்னா, வுழுந்துட்டான். நாக்க பாத்தோமே எல்லாரும்.”

தாட்சாயணி எழுந்து வந்து ஷோபாவை ஓங்கி அறைந்தாள். “என் புள்ளைய உன் வாய்தாண்டி துன்னிச்சி!”

அப்படிச் சொல்வதில் எவ்வளவு நிம்மதி இருக்கிறது பாருங்கள். வலையை அவிழ்த்த கை மறந்துபோகிறது, ஏறிக் குதித்த கால் மறந்துபோகிறது, கேட்டுக்கொண்டே நின்ற காதும் மறந்துபோகிறது. கடுகளவு மச்சம் ஒன்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போய்விடுகிறது.

மறுநாள் சிட்டிபாபு தங்கையின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். சித்தூரில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் சீசன் வேலை, அங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்று தெரிந்தவரிடம் பேசி வைத்திருந்தார்.

“அவ கோவம் தணியற வரைக்கும்தான்” என்றார்.

“நீயாவது நெஜத்த சொல்லக் கூடாதா அண்ணா?”

“பஸ்ஸ எடுக்கப் போறாங்க, ஏறு” என்றார் சிட்டிபாபு.

ஆடி பிறப்பதற்குள் அஷ்வினை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். காது குத்திய புண் ஆறிவிட்டது. தலையில் முடியும் வளர்ந்துவிட்டது. கால்கள் மட்டும் போட்டது போட்டபடி கிடந்தன. வாசல் ஜன்னலோரம் கட்டில் போட்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஜம்பிங் நின்றது, கம்பத்தில் சருகான சாமந்தியோடு. கழற்றிப் போட யாருக்கும் மனசு வரவில்லை. தாட்சாயணி தன் ஃபோனில் இருந்த அந்த வீடியோவைத் திறந்து பார்க்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை. யார் விசாரித்தாலும் ஷோபாவின் நாக்கைப் பற்றி மட்டும் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தீனா மனைவியையும் வாணியையும் கூட்டிக்கொண்டு வந்தான். ஆப்பிள் வாங்கி வந்திருந்தான். விதி என்றான், தலையெழுத்து என்றான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“அக்கா, அந்த ஜம்பிங் சும்மாதான வெயில்ல காஞ்சிக்கினு கீது. பாக்கப் பாக்க உங்களுக்கும் வேதனை. நான் எடுத்துக்கினு போயிடறேன். வாணியும் கேட்டுக்கினே கீறா. மினி வேன் வெளியதான் நிக்குது.”

பிரேமலதா புருஷனின் முழங்கையை இடித்தாள். “வலைய கேளுங்க.”

“ஆமா அக்கா, அந்த கருப்பு வலை எங்க? மொட்ட மாடிலயா? அது இல்லாம வாணிய ஏத்த முடியாது. பின்பக்கம் மண்ணு தரையிலதான் போடப் போறேன். ஆறு வயசு முடிஞ்சாதான் அவள ஏத்துவேன்.”

அன்று முழுக்க பர்லேது என்ற சொல் அவன் வாயில் வரவில்லை.

தாட்சாயணி மாடிக்குப் போனாள். மூலையில் சுருட்டிக் கிடந்த வலையில் வத்தல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. எடுத்துக்கொண்டு இறங்கி வந்தவளை ஜன்னலோரக் கட்டிலிலிருந்து அஷ்வின் கூப்பிட்டான்.

“அம்மா, அத்த சொன்னதாலதான் நான் வுழுந்தேனா?”

“யாருடா சொன்னது?”

“நீதான் ஃபோன்ல எல்லார்கிட்டயும் சொல்ற.” பையன் கொஞ்சம் யோசித்தான். “நானும்தான சொன்னேன், வுழுந்துடுவேன் மாமான்னு. எனக்கும் கருநாக்காம்மா?”

பார்த்துச் சொல் என்று வாயைத் திறந்து நாக்கை நீட்டினான். சுத்தமான சிவப்பு நாக்கு. தாட்சாயணி அவன் வாயை மெல்ல மூடினாள். கூடத்துக்கு வந்து, அஷ்வின் காது குத்திக்கொண்ட அதே மடியில், தம்பியின் மடியில், வலையைப் போட்டாள்.

“எடுத்துக்கினு போ. கருப்புடா இது. உன் வூட்டுல கட்டு.”

“இன்னா அக்கா…”

“உன் பொண்ணுன்னதும் வலை வேணும், மண்ணு தரை வேணும், வயசு வரணும்னு எல்லாம் தெரியுது இல்ல? இத்ததான அவ அன்னிக்கி சொன்னா? சின்ன புள்ளைய ஏத்தாதீங்கன்னா. ஒருத்தர் எறங்கினப்புறம் ஒருத்தர் ஏறுங்கன்னா. பெரிய உடம்பு குதிச்சா சின்ன உடம்ப தூக்கி அடிக்கும்னா. நான் அவ சொன்னத கேக்காம, அவ நாக்க நீட்டச் சொல்லிப் பாத்தேன்.”

சிட்டிபாபு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் பக்கம் திரும்பினாள்.

“நீங்க இப்ப பேசாதீங்க. பேச வேண்டிய அன்னிக்கி செருப்ப பாத்துக்கினு இருந்தீங்க. வலைய அவுத்தது நானு. குதிச்சது இவன். என் புள்ள போதும் போதும்னு கத்தினான், நான் சிரிக்கச் சொன்னேன். கடைசியில டாக்டருக்கே காது குத்தினோம். அன்னிக்கி இந்த வூட்டுல காதுகுத்து நடந்திச்சி, ஒருத்தருக்குக் கூட காது கேக்கல.”

தீனா எழுந்து வாசலுக்குப் போனான். ஆனால் ஜம்பிங்கை விட்டுவிட்டுப் போகவில்லை. கம்பம் கம்பமாகக் கழற்றினான். காய்ந்த சாமந்தியைப் பிய்த்து வாசலில் போட்டான். வலையை மட்டும் கிழிந்துவிடாமல் மடித்துத் தன் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். அஷ்வின் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேன் போனதும் தாட்சாயணி ஷோபாவுக்கு ஃபோன் போட்டாள். அந்தப் பக்கம் மெஷின் சத்தம்.

“அவன் துன்னானா அண்ணி?” என்பதுதான் ஷோபாவின் முதல் கேள்வி.

“துன்னான். உன்னதான் கேக்கறான். நாளைக்கி டாக்டர்கிட்டயும் போலீஸ்கிட்டயும் போயி நடந்தத சொல்லப் போறோம். தப்பு எங்கமேலதான் ஷோபா. நீ வந்துடு.”

மெஷின் சத்தம் தள்ளிப் போனது, ஷோபா ஃபோனோடு வெளியே வந்திருந்தாள்.

“நான் வரல அண்ணி. அவன் கால் வந்தா சாமி புண்ணியம்னு சொல்வீங்க. வரலன்னா மறுபடியும் என் நாக்கத்தான் பாப்பீங்க. அவன என்கிட்ட கூட்டிக்கினு வாங்க, மடியில வெச்சி சோறு ஊட்டறேன். அந்த வூட்டு வாசப்படி மட்டும் எனக்கு வேணாம்.” அவள் குரல் உயரவில்லை. “ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வெச்சிடறேன். வுழுவான்னு நான் சொன்னது அவன் வுழணும்னு இல்ல அண்ணி, வுழக் கூடாதுன்னு. ஆபத்துன்னு சொல்றவ சாபம் குடுக்கறான்னு நெனைக்கிற வூட்டுல, எத்தினி வலை கட்டினாலும் புள்ளைய காப்பாத்த முடியாது.”